சாவா மூவாப் பேராடு: கல்லில் எழுதிய கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை காக்கப்பட்டுள்ளது. கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



நம் வரலாற்றில் பலரும் அறியாத செய்திகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். துணுக்குத் துணுக்காக இருபது செய்திகளை அடுக்கிவிடலாம். கேட்கும்போது வியப்பாக இருக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அறக்கட்டளையின் பேரால் கூடியிருக்கிறோம். பொருளும் அதுவாகவே இருக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ நாட்டில் ஒருவர் ஒரு தருமம் செய்ய விரும்பினால், தாம் கண்மூடிய பிறகும் அது நடக்க என்ன ஏற்பாடு செய்தார்?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து அதன் அடித்தளத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே வரிவரியாக எழுத்து ஓடுகிறது. இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் இருபதாம் நாளில், அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபடி ஓர் ஆணையிட்டான். தான் கொடுத்ததும், தன் அக்கன் கொடுத்ததும், தன் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது அந்த ஆணை. அரசன் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் புகழ்ப்பட்டயம். பெயர் தெரியாத ஒருவர் கொடுத்ததும் அதே சுவரில் ஏற வேண்டும் என்றதால் அது கணக்குப் புத்தகம் ஆயிற்று.

நான் சொல்ல வந்தது இதுதான். கொடுப்பவரின் பெருமனத்தால் எந்தத் தருமமும் நிலைப்பதில்லை. முதல் யார் கையில் இருக்கிறது, எந்த அளவையால் அளக்க வேண்டும், பிணை யார், அவருக்குப் பின் யார் என்ற கேள்விகளுக்கு விடை எழுதி வைத்தால்தான் நிலைக்கிறது. சோழர் காலத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த நிலைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அதே கல்லிலிருந்து தெரிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1. முதலில் கை வைக்கக் கூடாது

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும். இரவும் பகலும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அதற்கு என்ன கொடுப்பது? நெய் கொடுத்தால் தீர்ந்துபோகும். பொன் கொடுத்தால் செலவாகிவிடும். ஆகவே ஆடு கொடுத்தார்கள்.

ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான கணக்கு. தொண்டை மண்டலத்தில் 90 ஆடு என்றும் வரும். ஆடுகள் ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலில் அளந்து கொடுக்க வேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. இந்த ஏற்பாட்டின்படி விடப்பட்ட ஆடுகளைத்தான் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. தனி ஆடு சாகும், மூப்படையும். மந்தை அப்படியே இருக்கும். இன்று வங்கியில் வைப்புத்தொகை போட்டு வட்டியை மட்டும் எடுக்கிறோமே, அதே ஏற்பாடுதான். அந்த வைப்புத்தொகை புல் மேய்ந்தது, அவ்வளவே.

தஞ்சைக் கோயிலில் இதற்கு ஒரு சமன்பாடே இருந்தது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை ஆறு ஆட்டுக்குச் சமம் என்ற விகிதம் இதிலிருந்தே தெரிகிறது. அரசன் கொடுத்தாலும் படைத்தலைவன் கொடுத்தாலும் விகிதம் மாறவில்லை.

2. காசைப் பூட்டி வைக்காதே

இரண்டாவது, பணமாக வந்த கொடை. கோயில் கருவூலத்தில் பணம் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கும் நகரத்தார்க்கும் கடனாகப் போயிற்று. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகத் தருவதென்றால் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி. தம் தாய் தந்தையரின் திருமேனிகளை எழுந்தருளுவித்த, இராசராசனின் அக்கன் குந்தவையார், அவற்றின் வழிபாட்டுக்கு இந்த முறையில்தான் ஊர்ச் சபைகளிடம் பணம் வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு, வாழைப்பழக் கணக்கு. பெரிய கோயிலின் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். அதற்காக 360 காசு தஞ்சாவூரின் பெருந்தெருக்களிலும் பேரங்காடியிலும் இருந்த வணிகர்களிடம் வைக்கப்பட்டது. இப்போது நீங்களும் என்னோடு கணக்குப் போடுங்கள். 360 காசுக்கு எட்டில் ஒன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 45 காசு. காசுக்கு 1,200 பழம் என்பது விலை. 45 காசுக்கு 54,000 பழம். நாளைக்கு 150 என்றால் 360 நாளுக்கு 54,000. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டவர் யாரென்று கல் சொல்லவில்லை. கோயில் கணக்கர்களில் ஒருவராக இருப்பார். முதலில் பழத்தை எண்ணி, பிறகு விலையை விசாரித்து, கடைசியில் எவ்வளவு முதல் வேண்டும் என்று பின்னோக்கி வந்திருக்கிறார். ‘இவ்வளவு தருகிறேன், முடிந்ததைச் செய்யுங்கள்’ என்பது ஒரு வகைக் கொடை. ‘இன்னது நடக்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும்’ என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது வேறு வகை. பெரிய கோயிலின் பிள்ளையாருக்கு வாய்த்தது இரண்டாம் வகை.

3. அளவை எழுதாத கணக்கு கணக்கல்ல

ஓர் உழக்கு நெய் என்றால் யாருடைய உழக்கு? ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் காலம் அது. ஆகவே தஞ்சைக் கல்வெட்டுகள் எந்த அளவையால் அளப்பது என்பதைச் சலிப்பில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கோயிலின் ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால், அது ‘இராசகேசரி’ மரக்காலுக்கு ஒக்கும் என்ற குறிப்போடு வரும். வாசகனுக்கு அலுப்புத் தட்டும். வழக்கு என்று வந்தால் அந்த அலுப்பூட்டும் வரிதான் கைகொடுக்கும்.

நிலக் கணக்கில் இது உச்சத்துக்குப் போயிற்று. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே கீழ் முந்திரி, அதற்கும் கீழே இன்னொரு கீழ். பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ட்சு, ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாக்கி, அதில் ஒரு கூறு வரை நிலம் கணக்கிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். இதைக் கேட்டதும் பலர் ‘பார்த்தீர்களா, அப்போதே எவ்வளவு நுட்பமாக அளந்திருக்கிறார்கள்’ என்று புல்லரித்துப் போகிறார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. அவ்வளவு சிறிய நிலத்தை எந்தக் கோலாலும் அளக்க முடியாது. அதில் ஒரு நெல்மணியைக்கூட வைக்க இடம் இருக்காது. அது வயலில் கிடைத்த எண் இல்லை, ஓலையில் கிடைத்த எண். ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் பெருக்கி வந்த விடையைக் கணக்கர் தம் இஷ்டத்துக்கு முழுதாக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார். நாம் மெச்ச வேண்டியது அந்தக் கட்டுப்பாட்டை. சில்லறையைத் தள்ளிவிட அவருக்கு உரிமை இல்லை.

4. ஆளுக்குப் பின் ஆள்

பெரிய கோயிலின் மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேரின் பட்டியல். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, தலைவீடா, இரண்டாம் வீடா, எந்த ஊர், எந்தக் கோயில், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, ‘பங்கு ஒன்று’ என்று முடியும். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், பாடுவோர், கணக்கர், தையல்காரர், நாவிதர், வண்ணார், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதை வெட்டிய ஆண்டு 1014.

பட்டியலை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதனோடு சேர்ந்த விதி. பங்கு பெறுகிறவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அவர் அமர்த்த வேண்டும். அப்படியும் யாரும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. இன்று நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனையோ அமைப்புகள், தொடங்கியவரின் படத்துக்கு மாலை போட்ட மறுநாளே தடுமாறுவதைப் பார்க்கிறோம். ‘எனக்குப் பின் யார்’ என்ற கேள்வியைக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம் சோழநாட்டுக் கணக்கருக்கு இல்லை.

இதே தெளிவைத் திருமுக்கூடலிலும் பார்க்கலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. வீரராசேந்திரன் காலத்தில், 1068ஆம் ஆண்டளவில், அங்குள்ள பெருமாள் கோயிலில் வெட்டிய கல்வெட்டு ஒரு மருத்துவமனையின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை அப்படியே தருகிறது. பெயர் வீரசோழன் ஆதுலர்சாலை. நோயாளிகள் 15 பேர் படுத்திருந்து மருத்துவம் பெறலாம். மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்தும் கொடுக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் தனி: அரிதகி வகைகள், தைலங்கள், நெய்கள். இரவில் நோயாளிகளுக்காக ஒரு விளக்கு. அதற்கான எண்ணெய்க்கும் கணக்கு உண்டு.

அதே கல்வெட்டில் ஒரு கல்விச்சாலையும் வருகிறது. அங்கே மாணவர்களுக்குச் சோறு போடுவதோடு விடவில்லை; படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். விடுதி நடத்தி அனுபவப்பட்ட ஒருவர்தான் இந்தத் திட்டத்தை எழுதியிருக்க வேண்டும்.

5. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது

உத்தரமேரூர் குடவோலை முறையை அறியாத தமிழர் இல்லை. அதைச் சொல்பவை முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை. குடத்தில் ஓலை போட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள் என்பதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்ற பகுதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவரோடு நின்றதா என்றால் இல்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், தந்தை, மகன், மருமகன் என்று உறவு வட்டமே ஒதுக்கப்பட்டது. ஒருவர் கணக்கை அமுக்கினால் சொந்தக்காரர் அத்தனை பேரும் வாய்ப்பை இழப்பார்கள். அப்படியானால் அவரைக் கணக்குக் காட்டச் சொல்லி வீட்டிலேயே நச்சரிப்பார்கள் அல்லவா? அரசன் ஆள் அனுப்பித் தணிக்கை செய்வதை விட இது மலிவு, கடுமையும் கூட.

கோயில் முதலைக் கடனாகப் பெற்று வட்டி கட்டியவை இத்தகைய சபைகள்தாம் என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். குடவோலையை மக்களாட்சியின் முன்னோடியாகப் போற்றுகிறோம். அந்தணர் ஊரில், நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த முறை அது என்பதை மறந்துவிட்டுப் போற்றுவதில் பொருளில்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஓலையை விட, கணக்கைப் பற்றிய விதி.

6. கல்லுக்கும் நகல் வேண்டும்

கல்லில் எழுதினால் அழியாது என்பார்கள். சோழர்கள் அப்படி நம்பவில்லை. பழைய செங்கல் கோயிலைப் பிரித்துக் கற்றளியாகக் கட்டும்போது பழைய கல்வெட்டுகள் என்ன ஆகும்? உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த கொடைக் கணக்குகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்போடு அவை இன்றும் நிற்கின்றன. கொடுத்தவர் பல்லவர் காலத்தவராக இருக்கலாம், பாண்டியராக இருக்கலாம், பொறுப்பு கோயிலினுடையது.

திருப்பணி என்ற பேரில் மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்த்தும், சுவரில் வண்ணம் பூசியும், கல்லை மாற்றி வைத்தும் வந்த நமக்கு அந்த அம்மையாரின் செயல் ஒரு பாடம். அவர் கல்லைக் காக்கவில்லை, அதில் இருந்த கடப்பாட்டைக் காத்தார். கல்லைத்தான் மாற்றினார்.

7. நட்டம் யார் தலையில்?

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாம் பொற்காலம் போலத் தோன்றும். கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டுவோம்.

அந்த ஆடுகள் எங்கிருந்து வந்தன? இராசராசனின் படைத்தலைவன் பரமன் மழபாடியார் சீட்புலி நாட்டையும் பாகி நாட்டையும் வென்று, அங்கிருந்து கொண்டுவந்த 900 ஆடுகளைக் காஞ்சிபுரத்துத் துர்க்கை கோயிலுக்குப் பத்து விளக்குக்காகக் கொடுத்தான். பத்து விளக்கு காஞ்சியில் எரிந்தது. 900 ஆட்டை இழந்த இடையர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வேட்டையில் குறி தவறி ஆள் மேல் அம்பு பட்டு இறந்துபோன வழக்குகளிலும், கொன்றவரைக் கொல்லாமல் கோயிலில் விளக்கு வைக்கச் சொல்லித் தீர்த்திருக்கிறார்கள் ஊரார். கருணையான தீர்ப்புத்தான். ஆனால் விளக்கு கோயிலுக்குப் போயிற்று. இறந்தவரின் வீட்டுக்கு அதனால் என்ன கிடைத்தது?

சாவா மூவாப் பேராட்டுக்கே மீண்டும் வருகிறேன். கொள்ளைநோய் வந்து மந்தையில் பாதி செத்தால் என்ன ஆகும்? ஏற்பாட்டின்படி ஆடு சாகவில்லை. எண்ணிக்கையை நிரப்ப வேண்டியவர் இடையர். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்ற இடையரின் பெயரோடு அவர் தம்பி, சிற்றப்பன் என்று உறவினர் பெயர்களும் பிணையாக வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பெருகிய குட்டியும் மிஞ்சிய பாலும் அவர்களுக்கு என்பது உண்மை. நல்ல ஆண்டில் இது இலாபமான ஏற்பாடுதான். கெட்ட ஆண்டில், கொடையாளி தலையிலும் விழாமல் கோயில் தலையிலும் விழாமல், நட்டம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

வட்டிக் கணக்கும் அப்படியே. எட்டில் ஒரு பங்கு வட்டி என்றால் எட்டே ஆண்டில் வாங்கிய அளவு கட்டியாகிவிடும். ஆனால் முதல் திரும்பப் போவதில்லை. வட்டி சந்திர சூரியர் உள்ளவரை. ஒரு தலைமுறை ஏரி வெட்டவோ நிலம் திருத்தவோ வாங்கிய காசுக்கு, இருபது தலைமுறை நெல் அளக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒரு நிலத்தின் வரியை ஊரே என்றென்றும் ஏற்றுக்கொண்ட கல்வெட்டுகளும் பல உண்டு. கையெழுத்திட்டவர்கள் போய்விட்டார்கள், கடமை மட்டும் பிறக்காத பேரன்மார் பேரில் ஏறியிருந்தது. அரசு மாறி, காசு மாறி, நிலம் கைமாறியபோது இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக அறுந்துபோனதில் வியப்பில்லை. ஏமாற்றுக்காரர்களால் மட்டும் அவை அழியவில்லை. காலம் மாறும் என்பதற்கு அவற்றில் இடமே வைக்கவில்லை.

அவையோரே, நிறைவாகச் சில சொற்கள்.

நம் பண்பாட்டுப் பெருமை என்று எதைச் சொல்வது என்ற கேள்வி வரும்போதெல்லாம் விமானத்தின் உயரத்தைச் சொல்கிறோம். நான் 54,000 வாழைப்பழத்தைச் சொல்வேன். உயரமாகக் கட்டிய அரசர்கள் உலகெங்கும் உண்டு. வாழைப்பழம் விற்கிறவரிடம் எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி, ஒரு நாளைக்கு எத்தனை பழம் என்று ஊரறியச் சுவரில் எழுதி வைத்த அரசர்கள் மிகக் குறைவு.

அறக்கட்டளை தொடங்க விரும்புகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். சோழநாட்டுக் கணக்கர் கேட்ட கேள்விகளை நீங்களும் கேளுங்கள்: முதல் யாரிடம், அளவை எது, பிணை யார், அடுத்தவர் யார். விடையை ஊரார் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு அவர் கேட்காமல் விட்ட கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆடு செத்தால் நட்டம் யாருக்கு? அதற்கு ‘இடையருக்கு’ என்பதைத் தவிர வேறொரு விடை எழுதிய பிறகு கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.